கிழக்குக் கொடி

பாதுகாப்பு வாரத்துக்காகச் சுரங்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பிரகாஷ் வந்து சொல்லிவிட்டுப் போனான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவன் அவன்தான். பிளாஸ்டர், அதாவது வெடி வைக்கிறவன்.

வந்தவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். டிரோன் பறந்து எடுத்தது. குழி, பாறைப் படிகள், மண்மேடு, கருவேலங்காடு எல்லாம் மேலேயிருந்து தெரிந்தன.

"இப்பல்லாம் நடக்கவே வேணாம்ணே. ஒரே சுத்து. ஆடு, மாடு, ஆளு எது நின்னாலும் தெரிஞ்சிடும்."

நல்ல காரியம்தான். ஆனால் நான் கிழக்குப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். ஓடையைத் தாண்டி அந்த மூலையைக் காட்டச் சொன்னேன். காட்டினான். இன்னொரு தடவை காட்டு என்றேன்.

"எப்ப வந்தாலும் அதையே ஏன்ணே கேக்கறீங்க?"

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இது. ஒரு பக்கத்தில் அடங்காது. வேதத்தில், அதாவது பைபிளில், வருகிற மனிதர்களை விட்டுவிட்டும் இதைச் சொல்ல முடியாது. ஆபீஸ்காரர்கள் வேண்டாத இடத்தை வெட்டிக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில். ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வயதில் பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிக்குப் போனேன். அங்கே திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டும். ஓடிக்கொண்டே சத்தத்தை எண்ண வேண்டும். பத்துக் குழி வைத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்பது கேட்டால் ஒன்று உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். ஒன்பதா பத்தா என்று சந்தேகம் வந்து நடுங்கிய நாட்கள் எத்தனையோ. பயம் என்னிடம் பிறவியிலேயே இருந்தது. குவாரி அதற்கு ஒரு வேலை கொடுத்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான்.

அரியலூருக்கு வந்து உதவி ஆளாகச் சேர்ந்து, வாய்மொழிப் பரீட்சை எழுதி பிளாஸ்டர் சான்றிதழ் வாங்கினேன். எழுதி என்று சொல்வது தப்பு. அதிகாரி கேட்டார், நான் சொன்னேன். கையெழுத்து மட்டும் போட்டேன். அந்தக் கையெழுத்தும் சரளமான வாசிப்பும் எனக்கு வந்தது கல்யாணத்துக்கு அப்புறம் வேதத்தை வாசித்துத்தான்.

சுரங்கத்தில் வெடி மதியம்தான், சாப்பாட்டு நேரத்தில். மிஷின்களையெல்லாம் வெளியே எடுத்த பிறகு. குழிகளில் மருந்து ஏற்றி, மேலே மண் அடைத்து, இணைப்பு கொடுத்து முடித்ததும் நாலு திசைக்கும் நாலு கொடி ஆட்கள் போவார்கள். சிவப்புக் கொடியை ஊன்றிக்கொண்டு, உள்ளே யாரையும் விடாமல் நிற்க வேண்டும். அவர்கள் நின்றால் மட்டும் போதாது. பிளாஸ்டர் தானே நடந்துபோய் நாலு பேரையும் அவரவர் இடத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சங்கு. சங்குக்குப் பிறகுதான் வெடிப் பெட்டியின் சாவி; அதைத் திருகினால்தான் வெடிக்கும். சாவி எப்போதும் என் சட்டைப் பைக்குள் இருக்கும். குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும். அப்போதும் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே குளிப்பேன் என்று என் மனைவி பாக்கியம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

நான் வடக்கு, மேற்கு, தெற்கு என்று நடந்து கடைசியாகக் கிழக்குக்குப் போவேன். கிழக்குத்தான் தூரம். மண்மேட்டைச் சுற்றி, ஓடையில் இறங்கி ஏற வேண்டும். போய்வர எட்டு நிமிஷம் ஆகும். ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய குழி ஒன்றில் மழைத்தண்ணீர் நிற்கும். ஊர் ஆடுகள் குடிக்க வரும். அதனால் அந்தப் பக்கம்தான் ஆபத்தும்.

நடந்து முடித்து வெடி வைக்கிறவர்கள் ஒதுங்கும் இரும்புக் கூண்டுக்கு வந்தால், அங்கே ஃபோர்மேன் கலியபெருமாள் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார். ரொம்பக் கோபம் என்றால் எட்டாக மடிப்பார். நாங்கள் மடிப்பை எண்ணிக்கொண்டு நிற்போம். தினமும் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி.

"எங்கேருந்து வரே?"

"கிழக்கேருந்து சார்."

அவ்வளவுதான். தலையை ஆட்டுவார். சங்கு ஊதும். பதினொரு வருஷம் அதே கேள்வி, அதே பதில். அவர் ஒரு தடவைகூட, "பாத்தியா, இருந்தானா" என்று கேட்டதில்லை. கடைசியாக எந்த இடத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

இது வேலைப் பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சபைக்காரர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேதம் படிக்க எங்கள் வீட்டில் கூடுவார்கள். பாதிரியார் மாதம் ஒரு தடவை வந்தால் பெரிது. அதனால் பாக்கியம் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் வேதத்தில் வருகிற ஆட்களின் பேர் எழுதிய துண்டுச் சீட்டுகள். மாத முதல் செவ்வாய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க அந்த ஆளோடு இருக்க வேண்டும். அவர் வருகிற அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கடைசிச் செவ்வாய் எழுந்து நின்று, அந்த ஆளிடம் என்னை எங்கே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நான் என்றுதான் சொல்லலாம். நாம என்றோ, ஜனங்க என்றோ, இந்தக் காலத்துல என்றோ ஆரம்பித்தால் பாக்கியம் டப்பா மூடியை விரலால் தட்டுவாள். டொக். பேசுகிறவர் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே சிலர் வரமாட்டார்கள்.

மளிகைக் கடை சாமுவேலுக்கு ஒரு மாதம் எழுநூறு பெண்டாட்டி கட்டிய சாலொமோன் ராஜா வந்தது. அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. "இவருக்கு ஒண்ணையே சமாளிக்க முடியல" என்று அந்தம்மா சொன்னதில் அன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை.

எனக்கு மார்த்தாள் வந்தது. சாமுவேல் விடுவாரா. "ஞானமுத்து, எழுந்து போய் சமையக்கட்டப் பாரு" என்றார். மார்த்தாள் கதை சின்னது. இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். தங்கச்சி காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைகிறாள். நீ பலதையும் போட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. வாசித்த அன்றே எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. இது நான்தானே. பூட்டை இழுக்கிறவன் நான். சாவியைப் பார்த்துக்கொண்டே குளிக்கிறவன் நான். கடைசிச் செவ்வாய் எழுந்து நின்று அப்படியே சொன்னேன். டப்பா ஒரு தடவைகூடத் தட்டவில்லை. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இனிமேல் கவலைப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். பிடிவாதமாக எடுத்தேன். வீட்டைப் பூட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ் ஸ்டாப் வந்தும் திரும்பவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் எனக்குக் கேயாசி வந்தது. நாகமான் என்ற படைத்தலைவனின் குஷ்டத்தை எலிசா தீர்க்கதரிசி குணமாக்கி, காணிக்கை எதுவும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடுகிறான். எஜமான் கேட்டனுப்பினார் என்று பொய் சொல்லி வெள்ளியும் துணியும் வாங்கிக்கொள்கிறான். வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல எலிசா முன்னால் வந்து நிற்கிறான். கடைசியில் நாகமானின் குஷ்டம் அவனுக்கு வந்துவிடுகிறது.

சீட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. இவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவன் பொருளுக்கு நான் ஆசைப்பட்டதில்லை. இந்த மாதம் லேசான மாதம் என்று சீட்டைச் சாவியோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாதி மாதம் வரை அந்த அதிகாரத்தைச் சரியாக வாசிக்கக்கூட இல்லை.

ஐப்பசி மாதம். நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்திருந்தது. அன்றைக்கும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. குழிகளில் மருந்து ஏற்றியாகிவிட்டது. மழைக்கு முன்னால் வெடித்தாக வேண்டும். வடக்குப் பார்த்தேன், மேற்குப் பார்த்தேன், தெற்குப் பார்த்தேன். மண்மேட்டு மேலே ஏறி நின்றபோது கிழக்கே கருவேலங்காட்டு ஓரத்தில் சிவப்புக் கொடி தெரிந்தது. கொடி ஆடிக்கொண்டிருந்தது. அங்கே நிற்பவன் சின்னதுரை. ஒப்பந்த வேலைக்காரன்தான், ஆனால் நல்ல பையன். ஒரு நாளும் இடத்தை விட்டு அசைந்ததில்லை. கொடி இருக்கிறது, அப்படியானால் ஆளும் இருப்பான். இதற்கு மேல் இறங்கிப் போய்ப் பார்ப்பதென்றால் அது மார்த்தாள் புத்தி என்று எனக்கு நானே சொன்னேன். ஓடையில் கணுக்கால் வரை சேறு வேறு.

நான் இறங்கவில்லை. மேட்டு மேலேயே நின்று புத்தகத்தில் கிழக்கு என்ற கட்டத்தில் நேரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். திரும்பிக் கூண்டுக்கு வந்தேன்.

"எங்கேருந்து வரே?"

"கிழக்கேருந்து சார்."

கலியபெருமாள் சார் தலையை ஆட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கீழே பார்த்தார். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். சங்கு ஊதியது. சாவியைத் திருகினேன்.

தூசி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காத்திருக்கும்போதே கிழக்கிலிருந்து சத்தம் கேட்டது. சின்னதுரை கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவன் பின்னால் ஆடுகள் சிதறி ஓடின.

அஞ்சலை என்று பக்கத்து ஊர்ப் பெண். ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவள். பறந்து வந்த கல் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே அடித்து எலும்பை முறித்திருந்தது. நாங்கள் போனபோது அவள் கத்தவில்லை. ஒரு குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்க ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். ஜீப்பில் நான் பின்னால் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். என் பூட்ஸ் அவள் ரத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடையைத் தாண்டிப் போனதால் இப்போது அதில் சேறு இருந்தது. அப்போதுதான் கலியபெருமாள் சார் கீழே பார்த்தது ஞாபகம் வந்தது.

நடந்தது என்ன என்று சின்னதுரை சொன்னான். அவன் நின்ற இடத்துக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. அதில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறான். கத்தியிருக்கிறான். நிற்கவில்லை. கொடியை ஊன்றிவிட்டு ஓடிப்போய் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அந்த நேரத்தில் அஞ்சலை இந்தப் பக்கமாக இறங்கிவிட்டாள். திரும்பி ஓடி வருவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. பார்த்த சாட்சி இல்லை. ஆனால் என் புத்தகத்தில் சாட்சி இருந்தது. இன்ன நேரத்துக்குச் சின்னதுரை அவன் இடத்தில் நின்றான், நான் கண்ணால் பார்த்தேன் என்று என் கையெழுத்து சொன்னது. சங்கு அதற்கு நாலு நிமிஷம் கழித்து. நாலு நிமிஷத்தில் மோட்டார் சைக்கிளும் வந்து, ஓடி, மறித்து, திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. ஆகவே சின்னதுரை சொல்வது பொய். நான் பார்த்துவிட்டுப் போனதும் எங்கேயோ ஒதுங்கிவிட்டான், பீடி குடிக்கப் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். விசாரணை முடிந்ததும் அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று. நான் போயிருந்தால், கொடி மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பேன். சங்கே ஊதியிருக்காது.

மறுநாள் கலியபெருமாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது அவருக்கு. கைக்குட்டை கையில் இருந்தது. மடிக்கவில்லை. விரித்து முழங்கால் மேல் போட்டு நீவிக்கொண்டே இருந்தார்.

"ஞானம், நான் கேட்டேன். நீ சொன்னே. புத்தகத்துலயும் இருக்கு."

"சார்..."

"புதுசா நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பொய் சொல்லுன்னும் நான் சொல்லல. இருக்கறது இருக்கட்டும். அதோட விட்டுடு."

மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதேதோ கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போகும். ஏழாவது படித்தவனுக்கு அந்தக் காகிதம்தான் எல்லாம். மகள் திருச்சியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். சின்னதுரைக்கு வயது குறைவு, வேறு வேலை கிடைக்கும். இப்படி யோசிக்கும்போதே சின்னதுரையின் முகம் வரும். அவன் எதிரே வந்தால் நான் பாதையை மாற்றிக்கொண்டு நடந்தேன். அவன் அதைக் கவனித்தான். ஒரு தடவை நின்று, "அண்ணே, நீங்க வந்தப்ப நான் இருந்தேன்னு எழுதியிருக்காமே. நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தானே எதையோ மறந்துவிட்டோமோ என்கிற குழப்பத்தோடு கேட்டான். நான் காது கேட்காதவன் போலப் போய்விட்டேன்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை வந்தது. மாதத்தின் கடைசிச் செவ்வாய். மறுநாள் காலையில் விசாரணை.

உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளப் பார்த்தேன். கூட்டம் நம் வீட்டில்தானே, எங்கே போய்ப் படுப்பீர்கள் என்றாள் பாக்கியம். அவளுக்கு எதுவும் தெரியாது. விபத்து தெரியும், சின்னதுரை இடத்தை விட்டுப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது தெரியும். என் முறை வந்தது. எழுந்தேன்.

"ஜனங்க பொருள் மேல வச்சிருக்கற ஆசை..."

டொக்.

"கேயாசிங்கறவன் வெள்ளிக்கு..."

டொக்.

"நான்..." என்றேன். நான் வெள்ளிக்கு ஆசைப்பட்டதில்லை என்று சொன்னேன். எனக்கு இந்த ஆளிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். சாமுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பாக்கியம் வேதத்தைத் திறந்தாள். "ஏங்க, வெள்ளிய விடுங்க. அவன் எலிசாகிட்ட திரும்பி வந்து நிக்கறான்ல. அப்ப எலிசா வெள்ளியப் பத்தியா கேட்டாரு? பாருங்க. எங்கேருந்து வரேன்னுதான் கேக்கறாரு."

அவளுக்குக் கலியபெருமாள் சாரின் கேள்வி தெரியாது. வேலையில் நடக்கிற பேச்சை நான் வீட்டில் பேசியதே இல்லை.

புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி நின்றபடியே வாசித்தேன். அதே கேள்விதான். எங்கேயிருந்து வருகிறாய்? போனவன் போகவில்லை என்றான். போகாத நான் போனேன் என்றேன். மற்றபடி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்த வரியில் எலிசா சொல்கிறார், நீ போனபோது என் மனசு உன்கூடவே வரவில்லையா என்கிற மாதிரி. எனக்கு என் பூட்ஸைப் பார்த்த கண்கள் ஞாபகம் வந்தன. வெள்ளியைத் தேடிக்கொண்டே அரை மாதத்தை ஓட்டிவிட்டேன். அந்தக் கதை கேட்ட கேள்வி என் சட்டைப் பையில் கிடந்தது.

புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் டப்பாவைத் தட்டவும் இல்லை. எல்லாரும் போன பிறகு அவளிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு, "சின்னதுரை பொண்டாட்டி நேத்து கொழாயில அழுதுக்கிட்டு நின்னுச்சு. நான் போய் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். அதுவே போதுமாக இருந்தது.

விசாரணை சுரங்க ஆபீஸில் நடந்தது. சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி வெளியூரிலிருந்து வந்திருந்தார். மேஜைக்கு ஒரு பக்கம் அவரும் மேனேஜரும். எதிரே நானும் கலியபெருமாள் சாரும். சுவர் ஓரமாகச் சின்னதுரை நின்றான். நாற்காலி காலியாக இருந்தும் அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. முதலில் அவனைக் கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் கதையைத் திரும்பச் சொன்னான். அதிகாரி என் புத்தகத்தைத் திறந்து நேரத்தைக் காட்டினார். நாலு நிமிஷத்தில் எப்படி என்றார். அவன் என் பக்கம் பார்த்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். புத்தகத்தைச் சுட்டிக்காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமாங்க."

"கிழக்க போய் இவரைப் பாத்தீங்க."

அவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. தலையை ஆட்டினால் போதும். கலியபெருமாள் சார் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்குக் கீழே ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டேன்.

"போகலைங்க. மண்மேட்டு மேலேருந்து கொடியப் பாத்தேன். ஆளப் பாக்கல. பாத்ததா எழுதிட்டேன். சார் எங்கேருந்து வரேன்னு கேட்டப்ப கிழக்கேருந்துன்னு பொய் சொன்னேன்."

அதிகாரி பேனாவை மூடினார். கலியபெருமாள் சார் பக்கம் திரும்பினார். உங்களிடம் இவர் பொய் சொன்னாரா, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். நானே அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்தார். மடிக்காமல் மேஜை மேல் வைத்தார்.

"அன்னிக்கு ஓடையில கணுக்கால் சேறு சார். இவன் பூட்ஸு காஞ்சு கெடந்துச்சு. நான் பாத்தேன். மழை வருதேன்னு கேக்காம விட்டுட்டேன்."

அவர் சபைக்காரர் இல்லை. அவர் பையில் எந்தச் சீட்டும் இல்லை.

என் சான்றிதழை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். மறுபடியும் உதவி ஆளாக மண் அடைத்தேன். கலியபெருமாள் சார் ஒரு மெமோவோடு ஓய்வு பெற்றார். அவருடைய பிரிவு உபசார விழாவுக்கு மேனேஜர் வரவில்லை. சின்னதுரைக்கு வேலை நிலைத்தது. ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அவன் காலில் விழாத குறையாக நான் ஏதோ சொல்லப் போனேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நாலு நாள் லேட்டுண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரே சுரங்கத்தில் வேலை செய்தோம். வேலைக்கு வேண்டியதைப் பேசினான், அதற்கு மேல் இல்லை. அவன் செய்ததுதான் நியாயம்.

அஞ்சலையைப் பார்க்கப் போனேன். போவதற்கு முன் தெரு முனையில் இரண்டு தடவை திரும்பிவிட்டு மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தது. திட்டும் என்று நினைத்தேன். "கொடிகிட்ட ஆள் இல்லாததால இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சு எறங்கிட்டேன். எப்பவும் ஆளப் பாத்துட்டுத்தான வெடி வெப்பீங்க" என்றது. எங்கள் முறை அந்தம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் அது இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் அஞ்சலை சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறது.

அடுத்த மாதக் கடைசிச் செவ்வாய் நான் கேயாசியைச் சொல்லி முடித்தேன். நான், நான் என்றே சொன்னேன். மார்த்தாளையும் திரும்ப வாசித்தேன். அவளை நான் தப்பாகப் படித்திருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்ததற்காக யாரும் அவளைத் திட்டவில்லை. கண்டதையும் போட்டுக் குழப்பிக்கொண்டதற்குத்தான் அந்தச் சொல். நானோ பூட்டையும் கொடியையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறிந்துவிட்டேன். பூட்டை இழுத்துப் பார்ப்பது என் வியாதி. கொடிக்குக் கீழே ஆளைப் பார்ப்பது என் வேலை. இரண்டும் ஒரே நடுக்கத்திலிருந்துதான் வருகின்றன. எது எது என்று ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னும் எனக்கு அது சரியாக வரவில்லை. பிறகு ஒரு மாதம் கிதியோன் வந்தது. ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டு, அது நடந்த பிறகும் நம்பாமல் மறுபடியும் போட்டுக் கேட்டவன். இரண்டாம் தடவை கேட்டதற்காகக் கடவுள் அவன் மேல் கோபப்படவில்லை. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

ஆறு மாதம் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தது. முதல் நாள். சித்திரை வெயில். ஓடை காய்ந்து வெடித்துக் கிடந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு பார்த்துவிட்டுக் கிழக்கே இறங்கி ஏறினேன். சின்னதுரை கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் முன்னாலேயே நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூண்டுக்கு வந்தேன். கலியபெருமாள் சார் இருந்த ஸ்டூலில் புது ஃபோர்மேன். சின்ன வயது, படித்தவர். போனில் ஏதோ பேசிக்கொண்டே, சங்கு ஊதச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் நகரவில்லை. போனை வைத்துவிட்டு என்ன என்பது போலப் பார்த்தார்.

"கிழக்கேருந்து வரேன் சார்."

"சரி. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல சார். கேட்டா சொல்லணும்ல."

அவருக்குப் புரியவில்லை. சங்கு ஊதியது. பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன்.